ஒட்டடைக்குச்சியின் இடது கால்

பல்செட்டுக்காரருக்கு உலகத்தில் பிடிக்காத ஆள் என்று ஒருவன்தான் இருந்தான். அவனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, பங்காளிச் சண்டை எதுவும் கிடையாது. அவன் துறைமுகக் கால்பந்து அணியின் பத்தாம் நம்பர் ஆட்டக்காரன், அவ்வளவுதான். ஆறடிக்கு மேல் உயரம், அந்த உயரத்துக்குத் தேவையான சதை உடம்பில் எங்கேயும் கிடையாது. ஓடும்போது கழுத்து முதலில் போகும், உடம்பு கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் வரும். எதிரணியான ரயில் பணிமனை அணியின் ரசிகர்கள் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரை வைத்ததே பல்செட்டுக்காரர்தான் என்று கேலரியில் ஒரு பேச்சு உண்டு. அவர் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் பின்பக்கத்து அறைதான் அவருடைய ராஜ்ஜியம். டாக்டரம்மா அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் மாவைக் கரைத்து ஊற்றி, வார்ப்பை எடுத்து, மெழுகில் பல் கட்டி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். மேசை மேல் வரிசையாகத் தாடைகள் உட்கார்ந்திருக்கும். புதிதாக அந்த அறைக்குள் வருகிறவர்கள் ஒரு நிமிஷம் திடுக்கிட்டுத்தான் நிற்பார்கள். "பயப்படாதீங்க, இதுங்க கடிக்காது. கடிக்க வைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்பார். வாரத்தில் ஆறு நாள் இப்படி மெதுவாகப் பேசுகிற மனுஷன், சனிக்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போய்விட்டால் வேறு ஆள். அவருக்கு வாய்த்த குரல் அப்படி. ஒலிபெருக்கி கெட்டுப்போன ஒரு நாளில் அறிவிப்புச் செய்ய அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவருடைய அப்பா ரயில் பணிமனையில் ஃபிட்டராக இருந்தவர். மகனுக்கும் அங்கே வேலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், மகன் பல் கட்டுகிற தொழிலுக்குப் போனான். அப்பாவிடமிருந்து வேலை வராவிட்டாலும் அணி வந்து சேர்ந்தது. பணிமனை அணி தோற்றால் அவருக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்காது. கூட்டாளி என்று சொன்னால் மனைவியின் தம்பிதான். பஸ் டிப்போவில் மெக்கானிக். இரண்டு பேரும் வடக்கு கேலரியில் மூன்றாவது படியில், கம்பத்துக்குப் பக்கத்தில்தான் உட்காருவார்கள்.

ஒட்டடைக்குச்சி மேல் அவருக்கு இருந்தது கோபம் என்றுதான் அவரே நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் அது வயிற்றெரிச்சல். பணிமனை அணிக்கு ஒரு ஒன்பதாம் நம்பர் இருந்தான். தங்கமான பையன். தொண்ணூறு நிமிஷமும் ஓடுவான், மூச்சு வாங்குவான், முகம் சிவந்து போகும். பந்து மட்டும் அவன் பேச்சைக் கேட்காது. இந்த ஒட்டடைக்குச்சியோ காற்று வாங்க வந்தவன் போல அங்கேயும் இங்கேயும் நடந்துகொண்டிருப்பான். எங்கிருந்தோ வருகிற பந்து அவன் காலடியில் வளர்த்த நாய் மாதிரி வந்து படுத்துக்கொள்ளும். எழுப்பி எந்தப் பக்கம் போகச் சொன்னாலும் போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் பல்செட்டுக்காரருக்கு வயிறு காந்தும். இந்த வரம் நம்ம பையனுக்கு ஏன் கிடைக்கவில்லை, உழைக்கிறவனுக்குக் கிடைக்காமல் உலாத்துகிறவனுக்கு ஏன் கிடைத்தது என்று மனசுக்குள் யாரிடமோ வழக்குப் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு தடவை மனைவியையும் ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருந்தார். அந்த அம்மாளுக்குத் தையல் வேலை. எதையும் கண்ணாலேயே அளந்து பார்க்கிறவள். பாதி ஆட்டம் வரை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஏங்க, அந்த நெட்டைப் பையன் ஓடுறதே தெரியலை. ஆனா பந்து வந்து விழுற இடத்துல முன்னாடியே போய் நிக்கிறானே" என்றாள்.

"நீ எந்தப் பக்கத்து கேலரியில உட்கார்ந்திருக்கேன்னு தெரியுதா?"

"தெரியுது. எந்தப் பக்கம் பார்க்கணும்னு டிக்கெட்ல ஒண்ணும் போடலையே."

தம்பிக்காரன் சிரித்துவிட்டான். பல்செட்டுக்காரர் கம்பத்தின் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தன் மனைவி வாயால் தன்னுடைய எந்த வேலைக்கும் இந்த மாதிரி ஒரு சொல் வந்ததில்லையே என்பது அன்று முழுக்க மனசில் முள்ளாகக் கிடந்தது.

பிடிக்காதவனைத்தான் மனுஷன் உற்றுப் பார்க்கிறான். அவரும் பணிமனை அணியைப் பார்த்ததைவிட ஒட்டடைக்குச்சியைப் பார்த்ததுதான் அதிகம். ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் கண்ணில் படுகிற தொழில் அவருடையது. ஒரு நாள் அவனிடமும் அப்படி ஒன்று கண்ணில் பட்டது. அவன் இடது காலால் பந்தை அடிப்பதே இல்லை. பந்து இடது பக்கம் வந்தால் உடம்பைத் திருப்பி, ஒரு எட்டு வீணாக்கி, வலது காலுக்கு மாற்றிக்கொண்டுதான் அடித்தான். அந்த ஒரு எட்டில் எதிராளிக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது. அவ்வளவு அழகாகச் செய்ததால் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

அடுத்த தடவை அவன் வடக்கு கேலரிப் பக்கம் பந்தோடு வந்தபோது பல்செட்டுக்காரர் எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்துக் கேட்டார். "டேய், இடது காலை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

கேலரி ஒரு நொடி விழித்தது. அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தது. இரண்டு ஆட்டத்துக்குள் அது பாட்டாகவே ஆகிவிட்டது. ஒரு பக்கத்து ஆட்கள் "இடது கால் எங்கே" என்று கேட்பார்கள், இன்னொரு பக்கத்து ஆட்கள் "வீட்டுல இருக்கு" என்று பதில் சொல்வார்கள். பணிமனையின் பின்கள ஆட்டக்காரர்களுக்கும் அது காதில் ஏறி, அவனை இடது பக்கமாகவே தள்ள ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டப் பருவத்தில் பணிமனைக்கு எதிராக அவனால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. கேலரியில் முன்பின் தெரியாதவர்கள்கூட பல்செட்டுக்காரரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். மைத்துனன் தன் டிப்போ முழுக்க, "எங்க மாமா கண்டுபிடிச்சது" என்று சொல்லி வைத்தான்.

அந்தச் சந்தோஷம் ஒரு பருவம்தான் நீடித்தது. அடுத்த பருவத்தில் இரண்டு அணிகளும் மோதிய முதல் ஆட்டம். ஒட்டடைக்குச்சி வழக்கம் போல இடது பக்கம் ஒதுக்கப்பட்டான். கேலரி பாட்டை ஆரம்பித்தது. பின்கள ஆட்டக்காரன், இவன் இப்போது திரும்புவான் என்று வலது பக்கம் போய் நின்றுகொண்டான். அவன் திரும்பவில்லை. நின்ற நிலையில் இடது காலை வீசினான். பந்து கோல்கீப்பரின் விரல் நுனிக்கும் கம்பத்துக்கும் நடுவில், ஒரு பந்து போகிற அளவே இருந்த இடைவெளியில் போனது. பாட்டின் பாதியில் கேலரி வாயை மூடிக்கொண்டது.

"குருட்டாம்போக்குல பட்டுடுச்சு" என்றார் பல்செட்டுக்காரர்.

இரண்டாம் பாதியில் இன்னொன்று பட்டது. அதற்கடுத்த மாதம் இறுதியாட்டத்தில் மூன்றாவதும் பட்டது. அதற்குப் பிறகு அவர் குருட்டாம்போக்கு என்ற வார்த்தையை எடுக்கவில்லை.

அந்த இறுதியாட்டத்திலேயே இன்னொரு காரியமும் நடந்தது. தலையால் முட்ட எழும்பியபோது பணிமனையின் பின்கள ஆட்டக்காரனின் முழங்கை ஒட்டடைக்குச்சியின் வாயில் இடித்தது. வேண்டுமென்று செய்ததா, தெரியாமல் பட்டதா என்பது அவரவர் உட்கார்ந்திருந்த கேலரியைப் பொறுத்தது. அவன் மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையில் எதையோ துப்பிப் பார்த்தான். முன்பல். வடக்கு கேலரி ஆரவாரம் செய்தது. பல்செட்டுக்காரரும் செய்தார். அவன் பல்லைக் கொண்டுபோய்க் கோட்டுக்கு வெளியே நின்ற உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்து ஃப்ரீ கிக்கை அவனே இடது காலால் அடித்தான். அதுதான் மூன்றாவது கோல். வீட்டுக்குத் திரும்பும் வழியில் மைத்துனன் ரெஃப்ரியைத் திட்டிக்கொண்டே வந்தான். பல்செட்டுக்காரர் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார். நம்ம ஒன்பதாம் நம்பருக்குப் பல் போயிருந்தால் ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு போயிருப்பான். இதை யாரிடம் சொல்வது?

ஈறு நன்றாக ஆறின பிறகுதான் கட்டுப்பல் வைப்பார்கள். சில மாதம் கழித்து ஒரு காலை நேரம். பல்செட்டுக்காரர் யாரோ ஒரு வாத்தியாருடைய கீழ்த்தாடையை மெருகேற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கதவருகே வந்து, "மாஸ்டர், கொஞ்சம் நிறம் பார்க்க வாங்க. முன்பல், எல்லார் கண்ணுலயும் படுற இடம்" என்று கூப்பிட்டார்.

பல்லின் நிறங்களை வரிசையாகக் கோத்து வைத்த மாதிரிப் பட்டையை எடுத்துக்கொண்டு, வாயில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு முன்னறைக்கு வந்தார். முதலில் கண்ணில் பட்டவை பாதங்கள். சாய்வு நாற்காலி முடிகிற இடத்தையும் தாண்டி இரண்டு கால்கள் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தன. சாதாரண ரப்பர் செருப்பு. இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. முகத்தைப் பார்க்காமலே யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

கை தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. பட்டையை உதட்டருகே கொண்டுபோனார். "வாயைத் திறங்க. சன்னல் பக்கமா கொஞ்சம் திரும்புங்க. போதும்." பக்கத்துப் பற்களில் எங்கே மஞ்சள் ஏறியிருக்கிறது, விளிம்பு எங்கே கண்ணாடி போலத் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டார். இவ்வளவு கிட்டத்தில் அவன் வெறும் பையன். கன்னத்தில் சரியாகச் சவரம் செய்யாத இடம் இருந்தது. மூச்சில் ஏலக்காய் வாசனை.

"அண்ணே, இன்னொரு தடவை பேசுங்க" என்றான் அவன்.

"எதுக்கு?"

"இந்தக் குரலை எங்கயோ கேட்டிருக்கேன்."

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே, "அவர் பின்னாடி ரூமை விட்டு வெளியவே வரமாட்டாரு. நீங்க எங்க கேட்டிருக்கப் போறீங்க?" என்றார்.

"இல்லைங்க டாக்டர். இது என் தூக்கத்துலயே வந்த குரல்." அவன் எழுந்து உட்கார்ந்து பல்செட்டுக்காரரின் கண்களைப் பார்த்தான். "இடது காலை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியான்னு கேட்டது நீங்கதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். முகத்தில் பாதியைத் துணி மறைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்த நெட்டையனிடம் பொய் சொல்லிப் பின்வாங்குவதை அவரால் தாங்க முடியாது போலிருந்தது. "ஆமா. நான்தான்" என்றார். சண்டைக்குத் தயாராகத்தான் நின்றார்.

அவன் பல் இல்லாத இடம் தெரியச் சிரித்தான். "உங்களை ஒரு தடவையாவது பார்க்கணும்னு இருந்தேன்ணே. எங்க ஆளுங்க நான் பந்தை ரோட்டுக்கு அடிச்சாலும் கை தட்டுவாங்க. கோச்சு, கோல் விழுதில்ல, அது போதும்னு விட்டுட்டாரு. எனக்கு இடது கால் வராதுங்கறதே நீங்க கத்தின அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். அன்னைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அடுத்த நாள்லருந்து சரக்குக் கிடங்குச் சுவத்துல அடிக்க ஆரம்பிச்சேன். வலது கால்ல செருப்பு, இடது கால்ல பூட்ஸ். பழக்கத்துல வலது கால் முந்திக்கக் கூடாதில்ல. கிடங்கு வாட்ச்மேன், இந்தப் பயலுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு எங்க வீட்டுல வந்து சொல்லிட்டுப் போனாரு."

"நான் அதுக்காகக் கத்தலை" என்றார் பல்செட்டுக்காரர்.

"தெரியும்ணே. அதனாலதான் நம்பினேன்."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பல்செட்டுக்காரர் நிறத்தின் எண்ணைச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குத் திரும்பினார். முக்காலியில் உட்கார்ந்த பிறகுதான் கணக்குப் புரிந்தது.

அந்த மூன்று இடது கால் கோல்களும் அவர் கொடுத்தவை. அப்பா காலத்து அணிக்கு எதிராக, தன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு, தானே எதிரிக்குப் பாடம் நடத்தியிருக்கிறார். அதைவிட அவரைக் குடைந்தது இன்னொன்று. ஒரு தடவை பணிமனையின் ஒன்பதாம் நம்பரைச் சலூனில் பார்த்தபோது, "தம்பி, அடிக்கிறதுக்கு முன்னாடி தலையைக் குனிஞ்சுடறீங்க. எந்தப் பக்கம் அடிக்கப் போறீங்கன்னு கோல்கீப்பருக்குத் தெரிஞ்சுடுது" என்று பக்குவமாகத்தான் சொன்னார். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்போ நீங்களே வந்து ஆடுங்களேன்" என்றுவிட்டான். அன்போடு சொன்னதை அவன் எடுத்துக்கொள்ளவில்லை. வன்மத்தோடு கத்தியதை இவன் எடுத்துக்கொண்டான். இந்தக் குணமாவது நம்ம பக்கத்தில் பிறந்திருக்கக் கூடாதா என்று அவருக்கு மறுபடியும் வயிறு காந்தியது. ஒட்டடைக்குச்சியின் கால் மேல் இருந்த பொறாமை அன்றைக்கு அவன் மனசு மேலும் ஏறிக்கொண்டது.

பல் செய்ய உட்கார்ந்தார். பீங்கான் மாவைத் தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்கி, சின்னச் சூளையில் வைத்துச் சுட்டு எடுக்கிற வேலை. முதலில் வந்த பல் பக்கத்துப் பற்களைவிடக் கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. பத்திரிகைப் படத்தில் பளிச்சென்று தனியாகத் தெரியும். சிரிக்கும்போதெல்லாம் பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். கை தவறியதா, மனசு தவறியதா என்று அவருக்கே நிச்சயமில்லை. பல்லை வார்ப்பின் மேல் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் திருப்தியாகக்கூட இருந்தது.

அப்புறம் அந்தக் கிடங்குச் சுவர் நினைவுக்கு வந்தது. ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் பூட்ஸ். அவன் தன் வேலையில் இருந்த ஒரே குறையையும் தேய்த்து எடுத்துவிட்டான். இப்போது இவர் தன் வேலையில் ஒரு குறையை வைத்து அவன் வாயில் மாட்டி அனுப்பினால், இதிலும் ஜெயித்தவன் அவன்தான். போகிற இடமெல்லாம் அவன் ஜெயித்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிவான். பல்செட்டுக்காரர் அந்தப் பல்லைக் கழிவுத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்று ஆரம்பித்தார். பக்கத்துப் பல்லில் இருந்த மெல்லிய ரேகைகூட விட்டுப்போகாமல் செய்தார். இரண்டு நாள் பிடித்தது. அன்பினால் செய்ததில்லை அது. இவன் முன்னால் ஒரு படி குறைந்துபோகக் கூடாது என்ற வீம்பில் செய்தது. ஆனால் அவர் கையிலிருந்து வந்த பற்களிலேயே நல்ல பல் அதுதான்.

பொருத்திய அன்று கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். அவன் கண்ணாடியில் பார்த்து நாக்கால் தடவி, "டாக்டர், எது புதுசுன்னு எனக்கே தெரியலையே" என்றான். மாஸ்டர் இருக்கிறாரா என்றும் கேட்டான். பல்செட்டுக்காரர் மோட்டாரைப் போட்டுக்கொண்டு, தேய்ப்பதற்கு ஒன்றும் இல்லாமலே தேய்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அவன் படம் பெரிதாக வந்தது. கோல் போட்ட கையோடு வாய்நிறையச் சிரிக்கிறான். தைத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"பல் வரிசையைப் பாருங்களேன். எப்படி அமைஞ்சிருக்கு அந்தப் பையனுக்கு."

"அதுல ஒண்ணு நான் செஞ்சது."

அவள் மிஷினை நிறுத்தினாள். பத்திரிகையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள், எட்ட வைத்துப் பார்த்தாள். "எது?"

"கண்டுபிடி."

அவளால் முடியவில்லை. மனைவியின் கண் தோற்றுப்போனது இதுதான் முதல் தடவை. அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அந்தப் பெருமையும் அவன் வாயில்தானே இருக்கிறது என்று எரிச்சலாகவும் இருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னார். சுவரில் அடித்ததையும் சொன்னார். அவள் கேட்டு முடித்துவிட்டு, "அப்போ சிரிப்பும் உங்க வேலை, காலும் உங்க வேலை. நடுவுல அவனுக்குன்னு மிச்சம் என்ன இருக்கு?" என்றாள்.

"கோல் இருக்கே. அது துறைமுகத்துக்குப் போயிடுது."

அவள் சிரித்தாள். "என் தம்பிகிட்ட சொல்லட்டுமா?"

"ஐயோ, உன் தம்பிக்குத் தெரிஞ்சா கேலரிக்கே தெரியும். அப்புறம் நான் அந்தப் பக்கம் தலை காட்ட முடியாது."

அவள் சொல்லவில்லை. ஆனால் மைத்துனனுக்குச் சந்தேகம் தட்டத்தான் செய்தது. ஒட்டடைக்குச்சி பந்தோடு வரும்போது மாமா வாயே திறப்பதில்லை. "என்ன மாமா, அவனைச் சும்மா விட்டுட்டீங்க?" என்று கேட்டான். தொண்டை கட்டியிருக்கிறது என்றார். அடுத்த நிமிஷமே லைன்ஸ்மேனை அவர் போட்ட சத்தத்தில் நாலு படி தள்ளி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மைத்துனன் கடலையை உரித்துக்கொண்டிருந்தான்.

கத்தாமல் பார்க்க ஆரம்பித்தபோதுதான், இத்தனை நாள் பாதியைத்தான் பார்த்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. பந்து வருவதற்கு முன்பே அவன் தோளுக்கு மேலாக இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வான். தன்னிடம் ஏமாந்தவன் விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிட்டுத்தான் நகர்வான். ஒரு தடவை மூன்று பேரைத் தாண்டிப் போய் நாலாவது ஆளிடம் பந்தைத் தட்டிவிட்டபோது பல்செட்டுக்காரரின் இரண்டு கைகளும் மடியிலிருந்து எழுந்துவிட்டன. கைதட்டத்தான் எழுந்தன. நல்லவேளையாக அவர் கவனித்துவிட்டார். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பந்து வேறு யாரிடமாவது இருந்தால் ஆட்டமே சப்பென்று இருந்தது. பணிமனைக்காரன் ஒருவனுக்கு இது எவ்வளவு பெரிய துரோகம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதில் ஒரு சுகம் இருந்தது. அத்தனை பேர் அவனை வைதுகொண்டிருக்கிற கேலரியில், அவன் யார் என்று தெரிந்தவர் தாம் ஒருவர்தான். அந்தச் சுகத்தை அவர் யாரோடும் பங்கு போட்டதில்லை.

அந்தப் பருவம் முடிந்த சில நாட்களில் மைத்துனன் டிப்போவிலிருந்து கிரீஸ் கையோடு நேராக வீட்டுக்கு வந்தான். "மாமா, விஷயம் தெரியுமா? ஒட்டடைக்குச்சி நம்ம அணிக்கு வந்துட்டான். கையெழுத்துப் போட்டாச்சு."

சட்டை போட்டுக்கொண்டிருந்த பல்செட்டுக்காரர் ஒரு கையை மட்டும் நுழைத்தபடியே நின்றார். "யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நம்ம ஜெர்சியோட போட்டோ வந்துடுச்சு. இனிமே நமக்கு என்ன கவலை? நான் அப்பவே சொல்லலை, அவனை மாதிரி ஒருத்தன் கிடையாதுன்னு?"

"நீ எப்ப சொன்னே?"

"சொன்னேன் மாமா. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

அவன் சொன்னதெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. ஒன்றுகூடப் பெண்கள் இருக்கிற வீட்டில் திருப்பிச் சொல்லும்படி இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். எத்தனையோ வருஷம் இந்த வரம் நம்ம பக்கம் வராதா என்று ஏங்கியவர் அவர். வந்துவிட்டது. வீட்டில் மனைவிகூட, "இனிமே வாய் விட்டே பாராட்டலாம், யார் கேக்கப் போறா?" என்றாள். அவர் தலையாட்டினார். சாப்பாடுதான் இறங்கவில்லை, அணி தோற்ற நாள் மாதிரியே.

முதல் ஆட்டத்தில் வடக்கு கேலரி நிரம்பி வழிந்தது. கம்பத்துக்குப் பக்கத்து இடத்தில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். முதுகில் பத்தாம் நம்பர் போட்ட பணிமனைச் சட்டைகள் கண்ணுக்கு எட்டிய வரை தெரிந்தன. அவன் பல் விழுந்த அன்று எழுந்து நின்று ஆடியவர்கள் இன்றைக்கு "எங்க தலைவா" என்று கூப்பிட்டார்கள். பின்னால் இருந்த ஒருவர், தன் மகனுக்கு, "அவன் இடது காலைக் கவனி. அது அவனுக்குப் பிறவியிலேயே வந்தது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். பல்செட்டுக்காரர் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். உண்மை வாய் வரை வந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், அப்புறம் அது எல்லாருடைய கதையாகிவிடும்.

இருபதாவது நிமிஷத்தில் அவன் கோல் போட்டான். வடக்கு கேலரி மொத்தமாக எழுந்தது. மைத்துனன் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவனைக் கட்டிக்கொண்டு குதித்தான். பல்செட்டுக்காரர் மட்டும் எழவில்லை. அத்தனை முதுகுகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு மைதானமே தெரியவில்லை.

"என்ன மாமா, உங்களுக்குச் சந்தோஷம் இல்லையா?" மைத்துனன் குனிந்து காதருகே கேட்டான்.

"இருக்கு. கால் மரத்துப்போச்சு."

அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவர் மேலும் பொறாமையாக இருந்தது. ஒரு நாள் மனஸ்தாபம்கூடப் படாமல், ஒரு சங்கடம்கூட அனுபவிக்காமல், ராத்திரியோடு ராத்திரியாகச் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர் எவ்வளவு கஷ்டப்பட்டு, எவ்வளவு வெட்கப்பட்டு அவனை மெச்சியிருப்பார். அந்தக் கஷ்டத்துக்கு இப்போது ஒரு மரியாதையும் இல்லாமல் போய்விட்டது.

ஆட்டம் முடிந்ததும் உடைமாற்றும் அறை வாசலில் படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது. மைத்துனன் அவரையும் இழுத்தான். "நீ போ, நான் வெளியே நிக்கிறேன்" என்று கையை உருவிக்கொண்டார். அந்தப் பருவம் முழுக்க அப்படித்தான் போனது. பணிமனை அணி பல வருஷத்துக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியது. அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அதை இரண்டு தடவை சொன்னார். மற்றபடி, ஜெயித்துக்கொண்டே இருக்கிற அணியின் ரசிகனாக இருப்பது எப்படி என்று அவருக்குப் பிடிபடவே இல்லை.

அப்புறம் ஒரு நாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்டத்துக்குத்தானே கூட்டம் வருகிறது, பயிற்சிக்கு யார் வரப்போகிறார்கள்? கிளினிக் திறப்பதற்கு முன்னால், பணிமனைக்குப் பின்னால் இருக்கிற பயிற்சி மைதானத்துக்குப் போனால், சத்தம் இல்லாமல், முதுகுகள் இல்லாமல், முன்னே மாதிரி தனியாகப் பார்த்துவிட்டு வரலாம். மனைவியிடம், யாரோ ஒருத்தருக்குச் செட்டு அவசரம் என்று சொல்லிவிட்டு வெள்ளெனக் கிளம்பினார். நடக்கும்போதே மனசு லேசானது. பணிமனைச் சுவரை ஒட்டித் திரும்பியதும் பந்து உதைபடுகிற சத்தம் கேட்டது. எந்தக் கால் என்று சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்தது.

கம்பி வேலி பல இடங்களில் துருப்பிடித்துக் கொடி படர்ந்து கிடந்தது. உள்ளே நன்றாகத் தெரிகிற இடம் ஒன்றே ஒன்றுதான். அங்கே டிப்போ சீருடையில் ஒரு ஆள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூக்கை உள்ளே விடாத குறையாக நின்றுகொண்டிருந்தான். காலடிச் சத்தம் கேட்டு மைத்துனன் திரும்பினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன் மாமா" என்றான்.

"நானும் அப்படித்தான்" என்றார்.

உள்ளே ஒட்டடைக்குச்சி தனியாக அடித்துக்கொண்டிருந்தான். மைத்துனன் அரையடி நகர்ந்து இடம் விட்டான். பல்செட்டுக்காரர் போய் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து ஒரு கோல்கம்பம் மட்டுமே தெரிந்தது. மைத்துனன் எத்தனை நாளாக இங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று கேட்க வாய் துடித்தது. தனக்கும் முன்னாலிருந்தே ஒட்டடைக்குச்சியை ரசிக்கிறவன் அவன் என்று பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் கேட்காமலே நின்றார்.